கூரைக்கு வைத்த முட்டை

கதிரேசனுக்குப் பெண் அமையாததற்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் ஓட்டு வீடு. அடுத்து நைட் ஷிஃப்ட். முப்பத்தேழு வயதை யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். வயதை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மற்ற இரண்டையும் கவனித்தான்.

வீடு கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. தோட்டத்துக் கூலி வேலையை விட்டு ஊருக்குள் வந்த அப்பா, ஃபவுண்டரியில் மணல் சலித்துக் கட்டிய வீடு. சீமை ஓடு. அதைப் பிரித்து கான்கிரீட் போடுவது இப்போதைக்கு ஆகிற காரியமில்லை. கலீல் ரஹ்மானைக் கூப்பிட்டு ஓட்டுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னான். கலீலும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வெள்ளை ஜிப்சம் போர்டு, நடுவில் வட்டமாக ஒரு மேடு, அதைச் சுற்றி நீல விளக்கு. உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வீடு என்று தெரியாது. தெருவில் நின்று பார்த்தால் தெரியும். பெண் வீட்டார் உள்ளே உட்கார்ந்துதானே பேசப் போகிறார்கள் என்று அவன் நினைத்தான்.

பிறகு ராத்திரி வேலையை விட்டுவிட்டு, பகல் வேலை கொடுத்த ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தான். பல வருடம் கழித்து ராத்திரி தன் வீட்டில் படுத்தான். அப்போதுதான் மேலே யாரோ குடியிருப்பது தெரிந்தது.

எலி சுரண்டும். இது சுரண்டவில்லை, நடந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நிதானமாக நடந்து, தொப்பென்று எங்கோ குதித்தது. அம்மா மாசாணியம்மாளைக் கேட்டான்.

"எனக்கு ஒரு காது சரியாக் கேக்காதுன்னு தெரியுமல்லோ கண்ணு. நல்ல காதைத் தலகாணியில வெச்சுப் படுத்துக்குவேன். பூனையா இருக்கும், உடு."

அவனும் விட்டுவிட்டான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண் பெயர் செவ்வந்தி. ரத்தம், மலம் பரிசோதிக்கிற லேப்பில் டெக்னீசியன், வயது முப்பத்திரண்டு. அப்பா இல்லை. பெரியப்பா வெள்ளியங்கிரிதான் எல்லாம். ஜாதகம் பொருந்தி, போட்டோ பார்த்து, ஒருமுறை காரமடைக் கோயிலில் நேரிலும் பார்த்தாகிவிட்டது. அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளும் மறுக்கவில்லை. பாக்கி இருந்தது பெண் வீட்டார் வந்து வீடு பார்ப்பது மட்டும்தான். இதற்கு முன்பு வந்த வரன்களில் பாதி அந்த இடத்தில்தான் அறுந்து விழுந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் பெண் வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியது. வெள்ளியங்கிரி மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கிய ஆள், இப்போது எடை பார்க்கிற மேஸ்திரி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"கெழங்கு வேகுதா அம்மணி?"

"இல்லீங்கண்ணா. காப்பிக்குப் பாலுதான் வெச்சிருக்கேன்," என்றாள் மாசாணியம்மாள்.

அவர் மறுபடியும் உறிஞ்சினார். மெதுவாகத் தலையைத் தூக்கி சீலிங்கைப் பார்த்தார். நீல விளக்குக்குப் பக்கத்தில் தோசை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. கதிரேசன் காலையில்தான் அதைக் கவனித்திருந்தான். மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்திருந்தான்.

"முப்பது வருசமா கெழங்குக்குள்ளயே பொழைக்கறேன். அடுப்புல கெழங்கு இல்லாம கெழங்கு வாசம் வந்தா என்ன அர்த்தமுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "மேல பாம்பு இருக்குதுங்க."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரியின் மனைவி எழுந்தே விட்டாள்.  இதுவும் போச்சு என்று கதிரேசன் நினைத்துக்கொண்டான்.

காப்பித் தட்டோடு நின்ற மாசாணியம்மாளும் அதையேதான் நினைத்திருப்பாள். ஆனால் அவள் வாய் மூடி நிற்கிற ஆள் இல்லை.

"ஆமாங்கண்ணா," என்றாள். "அது எங்க ஊட்டுக் காவலுங்க. இவங்கப்பன் காலத்துல இருந்து இருக்குது. நாங்க வெளிய சொல்றதில்லீங்க."

கதிரேசன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளியங்கிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாகமுங்களா?"

"நல்லதுதானுங்க. ஒரு நாளும் யாருக்கும் ஒரு தொந்தரவு பண்ணுனதில்லை."

"முட்டை வெக்கறீங்களா?"

"வெள்ளிக்கெழமை தவறாம வெக்கறோமுங்க."

எழுந்து நின்றவள் உட்கார்ந்தாள். காப்பி குடித்தார்கள். வெள்ளியங்கிரி போகும்போது பின்பக்கம் போய், எறவாரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வேன் டிரைவரை அனுப்பி நாட்டுக்கோழி முட்டை வாங்கிவரச் சொல்லி, அவர் கையாலேயே பின்பக்க மதில் சுவர் மேல் ஒரு தட்டில் வைத்தார். மறுநாள் காலை முட்டை இல்லை. உடைந்த ஓடுதான் கிடந்தது. மாசாணியம்மாள் அதைப் போனில் சொன்னாள். சாயந்தரமே மேட்டுப்பாளையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பெண் கொடுக்கச் சம்மதம்.

"ஏம்மா இப்படி ஒரு பொய்யி?" என்று கேட்டான் கதிரேசன்.

"பாம்பு இருக்குதுன்னு அவங்களே சொல்லிப்போட்டாங்க. இல்லீன்னு சொன்னா நம்பவா போறாங்க? ஓடிருவாங்க. பாம்பைச் சாமியாக்கிட்டா உக்காந்திருவாங்க. உக்காந்தாங்களா இல்லியா?"



வெள்ளியங்கிரிக்கு அந்த முட்டை ஓடு போதுமானதாக இருந்தது. பாம்பு முட்டையை முழுசாக விழுங்கும், ஓட்டைத் தனியாக வைத்துவிட்டுப் போகாது என்று யாரோ மண்டியில் சொல்லியிருக்கிறார்கள். "சாமி பாம்பு அப்படி இல்லை, குடிச்சுப்போட்டு ஓட்டைத் துப்பிரும்," என்று இவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் முட்டையோடு பஸ் ஏறி வர ஆரம்பித்தார். மேலே குடியிருந்தது நன்றாகத் தின்று கொழுத்தது. நடையின் கனம் கூடியது. கறை தோசையிலிருந்து முறம் அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

கதிரேசன் தட்டோடு எழுந்து போய் கலீலுக்குப் போன் செய்தான்.

கலீல் டார்ச்சோடு வந்தான். சீலிங்கின் மூலையில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு திறப்பு விட்டிருந்தான். ஏணி போட்டு அதில் தலையை மட்டும் நுழைத்துவிட்டு உடனே இறங்கி வந்தான்.

"கதிரு, நான் போட்ட சீலிங்குல யாரோ கக்கூஸ் கட்டியிருக்காங்கடா."

"பாம்பா பாய்?"

"பாம்பு சப்போட்டா திங்குமா? நீயே ஏறிப் பாரு."

கதிரேசன் ஏறிப் பார்த்தான். ஓட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. இருட்டு, நல்ல வெதுவெதுப்பு. ஒரு மூலையில் மட்டும் குவியல் குவியலாக எச்சம். காய்ந்த எச்சத்துக்குள் கறுத்துப் பளபளக்கிற சப்போட்டா விதைகள் அப்படியே இருந்தன. பாம்புச் சட்டை எங்கும் இல்லை. எலிப் புழுக்கையும் இல்லை. சுற்றுவட்டாரத்து எலிகளை அது தீர்த்திருக்க வேண்டும். வாசம் மட்டும் கிழங்கேதான்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில், அம்மா கோலத்துக்கு வைத்திருந்த மாவை எடுத்துப் பின்பக்க மதில் சுவர் மேல் தூவினான். காலையில் மாவில் தடம் இருந்தது. பூனை நடந்தால் நாலு விரல்தான் பதியும். இதில் அஞ்சு விரலும் நகமும் பதிந்திருந்தன. கலீல் அதைப் போனில் படம் எடுத்து, வனத்துறையில் வாட்சராக இருக்கும் தன் மச்சானுக்கு அனுப்பினான். ஒரே வார்த்தையில் பதில் வந்தது. மரநாய்.

"அடிக்கக் கூடாதாம். அடிச்சா கேஸாம்," என்றான் கலீல். "அது வெளிய போறப்ப வழியை அடைக்கச் சொல்றான். குட்டி கிட்டி இருக்குதான்னு மொதல்ல பாத்துக்கோணுமாம். அடைச்சப்பறம் உள்ள செத்துக் கெடந்தா, இப்ப அடிக்கற வாசம் எவ்வளவோ தேவலைன்னு இருக்குமாம்."

"இத்தனை வருசம் வராதது இப்ப ஏன் வருது?"

"இத்தனை வருசம் வெறும் ஓடு. காத்து, வெளிச்சம், கீழ ஆளுங்க சத்தம். நான் அதுக்குத் தரை போட்டு, ரூம் கட்டிக் குடுத்துட்டேன். லைட்டு வேற. அந்த லைட்டுச் சூட்டுக்குப் பக்கத்துலதான் படுத்திருக்குது." கலீலுக்குச் சிரிப்பு வந்தது. "உன்ற கல்யாணத்துக்கு ஊட்டை ரெடி பண்ணச் சொன்னே. அதுக்கு முந்தி வேறொருத்தன் குடி வந்துட்டான்."

மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். குட்டி இல்லை. தனிக்கட்டை. பக்கத்து வீட்டு சப்போட்டாக் கிளை ஒன்று ஓட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. அவர்களிடம் கேட்டு அதை வெட்டினார்கள். சுவரும் ஓடும் சேருகிற இடத்தில் ஒரு பக்கம் சிமெண்டு உதிர்ந்து, கை முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் எண்ணெய் பிசுக்கும் முடியும் ஒட்டியிருந்தது. அதுதான் வாசல். மற்ற சந்துகளை முதலில் அடைத்துவிட்டு, வாசலில் மட்டும் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகி வைத்தான் கதிரேசன். பொழுது இறங்கியதும் காகிதம் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது. திரும்பச் செருகினான். அதற்கப்புறம் காகிதம் அசையவில்லை. மரநாய் வெளியேதான் இருந்தது. கலீல் கம்பி வலையை மடக்கி வைத்து அடித்து, மேலே சிமெண்டு பூசினான்.

சில நாள் ஓட்டின் மேல் நடந்து பார்த்துவிட்டு அது போய்விட்டது. கதிரேசன் எச்சத்தையெல்லாம் வாரி, பினாயில் போட்டுத் துடைத்து, ஊறிப்போன போர்டை மாற்றினான். கிழங்கு வாசம் நின்றது. ராத்திரி மேலே சத்தம் இல்லை, நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை வெள்ளியங்கிரி வைத்த முட்டை சனிக்கிழமை அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.

மாசாணியம்மாள் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். இதை அவர்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை.

"காவல் இல்லாத ஊட்டுக்குக்கூடப் பொண்ணு குடுப்பாங்க கண்ணு," என்றாள் அவள். "காவல் இருந்து உட்டுட்டுப் போன ஊட்டுக்கு எவனும் குடுக்க மாட்டான். போயி அந்த முட்டையை எடு."

அவன் எடுத்தான். சாமிக்கு வைத்ததை அவள் தொடமாட்டாள். அவனே உடைத்து ஓட்டைத் தட்டில் போட்டுவிட்டு, கருவை ஆம்லெட் போட்டுத் தின்றான். அடுத்த வாரமும் தின்றான். உடைத்த ஓட்டைப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலில் பூப்போட்டுக் கேட்டு, சாமி உத்தரவாக வெள்ளைப்பூ வந்துவிட்டது என்றும், நிச்சயத்துக்கு வரும்போது ஒறம்பரையெல்லாம் வந்து பின்பக்கம் பொங்கல் வைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். அதோடு ஒரு வேண்டுகோள்.

"எந்தக் காலத்துலயும் இந்த ஓட்டைப் பிரிக்கக் கூடாதுங்க மாப்ள. கான்கிரீட்டு கிங்கிரீட்டுன்னு நெனைச்சுப்போடாதீங்க."

அந்த வார நடுவில் செவ்வந்தி போன் செய்தாள். வழக்கமாகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவள். லேப்பில் சாப்பாட்டு இடைவேளை, பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"எனக்குப் பாம்புன்னா நெம்பப் பயமுங்க. படத்துல வந்தாவே கண்ணை மூடிக்குவேன். பெரியப்பாகிட்டச் சொன்னா சாமிடிங்கறாரு. சாமியா இருக்கட்டும். நான் அதுக்குக் கீழ படுத்துத் தூங்கோணுமல்லோ? ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க. இந்தக் கல்யாணம் வேண்டாமுன்னு சொல்லிரலாமான்னுகூட..." அவள் நிறுத்தினாள். "உங்களை வேண்டாமுன்னு சொல்லலை."

கதிரேசன் கம்பெனி வாசலில், பம்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். சொன்னால் போய்விடும் என்று பயந்துதான் இத்தனை நாள் சொல்லாமலிருந்தான். சொல்லாமலேயும் போகப் போகிறது.

"அது பாம்பு இல்லீங்க," என்றான். "மரநாய். எங்கம்மா பொய் சொல்லிருச்சு. நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப அதும் இல்லை. வழியை அடைச்சாச்சு."



"மரநாய்னு எப்படித் தெரியும்?"

"எச்சத்தைப் பாத்தமுங்க."

"எப்படி இருந்துச்சு? விதை இருந்துச்சா?"

"சப்போட்டா விதை. முழுசு முழுசா."

"அப்ப சரிங்க," என்றாள். "தெனமும் லேப்புல அதைத்தான டப்பா டப்பாவாப் பாக்கறேன். என்ன தின்னுச்சுன்னு அது பொய் சொல்லாது." பிறகு, "அப்ப இப்ப வெக்கற முட்டை?"

"நான்தான் தின்னேன்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "பெரியப்பா மண்டியில நாகத்தைப் பத்தி ஒரு ஆள் பாக்கியில்லாமச் சொல்லி வெச்சிருக்காருங்க. இதை நான் சொன்னா, மூணு வரனைத் தட்டி உட்டவ நாலாவதுக்கும் சாக்குக் கண்டுபிடிச்சுட்டான்னு சொல்லுவாங்க. நீங்கதான் சொல்லோணும்."

"சொன்னா வேண்டாமுன்னுடுவாரா?"

"தெரியலீங்க. சொல்லலைன்னா நான் வர மாட்டேன். அது மட்டும் தெரியும்."

மறுநாள் கதிரேசன் லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினான். அம்மாவிடம் சொல்லவில்லை. மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஊட்டிக் கிழங்கு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, செம்மண் புழுதி. வெள்ளியங்கிரி எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, "தள்ளி வைடா, கை எடு, கை எடு," என்று கத்திக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுமைக்காரர்களிடம், "நான் சொன்னனல்லோ, நாகத்து ஊட்டு மாப்பிள்ளை," என்றார்.

அதற்கப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கதிரேசன் அவரை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னான். அம்மா சொன்னதையும் சொன்னான், தான் சும்மா இருந்ததையும் சொன்னான். கலீல் அனுப்பியிருந்த தடத்தின் படத்தைப் போனில் காட்டினான்.

வெள்ளியங்கிரி போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"அந்த வாசம்?"

"அது மூத்திரமுங்க மாமா."

"முப்பது வருசமா கெழங்குலயே கெடக்கறேன். எனக்கு மூத்திரத்துக்கும் கெழங்குக்கும் வித்தியாசம் தெரியிலைங்கிறே."

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்க அடிக்குது. நானும் மோந்து பாத்தேன்."

"நான் வெச்ச முட்டை?"

"மொதல்ல அது தின்னுச்சுங்க. பொறவு நான் தின்னேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தான். அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"மரநாயி," என்றார். "எங்கப்பன் அதைக் கண்ணி வெச்சுப் பிடிப்பான். கறி திம்போம். எனக்குத் தெரியாததா அது? சத்தத்தை ஒரு நா ராத்திரி கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாங்க வேலை செஞ்ச தோட்டத்துல பாம்புப் புத்து இருந்துச்சு. தோட்டத்துக்காரப் பண்ணாடி ஊட்டுக் காவலும்பாங்க. பாலைச் செம்புல வாங்கீட்டு, வெயில்ல நடந்து போயி அதுல ஊத்தறது எங்காத்தா. ஊத்தீட்டு நிக்காம அப்படியே வந்தரோணும், கும்புடறதெல்லாம் அவங்கதான். நம்ம சனத்துல ஒருத்தன் ஊட்டுக் கூரை மேலயே ஒண்ணு வந்து இருக்குதுன்னு உங்கம்மா சொல்லுச்சு பாரு..."

அவர் முடிக்கவில்லை. எடை மெஷின் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து துண்டை உதறினார்.

"நீ போ. சொல்லி அனுப்பறேன்."

கதிரேசன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டியை எறிந்தாள். "உக்கார வெச்சிருந்தேன், எழுப்பி உட்டுட்டு வந்திருக்கறே," என்றாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை யாரும் முட்டையோடு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. செவ்வந்தியின் செய்தி மட்டும் வந்தது: 'பெரியப்பா என்கிட்டயும் பேசறதில்லைங்க.' இப்படித்தான் முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. மறுபடி நைட் ஷிஃப்ட் கேட்கலாமா என்றுகூட யோசித்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளியங்கிரி இறங்கினார். பின்னாலேயே செவ்வந்தி. மாசாணியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க என்று சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நடு வீட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார். பினாயில்தான் அடித்தது.

"ஏணி எங்கீங்க?" என்று கேட்டார்.

கதிரேசன் ஏணியைக் கொண்டுவந்து பின்சுவரில் சாய்த்தான். வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூட்டை தூக்கிய உடம்பு, ஏணி முனகியது. எறவாரத்துக்குக் கீழே கையை விட்டு வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சிமெண்டைத் தட்டிப் பார்த்தார். நகர்ந்து இன்னொரு பக்கம் இழுத்தார். செவ்வந்தி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, கெட்டியா இருக்குதா?"

"இந்த ஓரம் லூசா இருக்குது. நகத்தைக் குடுத்து நெம்பிச்சுன்னா வந்துரும்." அவர் குனிந்து கதிரேசனைப் பார்த்தார். "யாரு மாப்ள இந்த வேலை பாத்தது?"

"கலீலும் நானுமுங்க."

"வர்ற வருசம் இந்த ஓட்டையே பிரிச்சுப்போட்டு ஒட்டுக்கா கான்கிரீட்டு போட்டுரு. அதுவரைக்கும் இது நிக்கோணும். ஆணி குடு."

கதிரேசன் ஓடிப்போய் ஆணி டப்பாவும் சுத்தியும் எடுத்து வந்தான். ஏணியின் பாதியில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினான். அவர் வாயில் ரெண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு அடித்தார். அடித்துக்கொண்டே, வாயில் ஆணியோடேயே, கீழே நின்ற மாசாணியம்மாளைக் கேட்டார்.

"அம்மணி, மண்டபம் பேசியாச்சுங்களா?"

"இன்னைக்கே பேசறோமுங்கண்ணா," என்றாள் மாசாணியம்மாள்.